ஆகட்டும் சார்

எங்கள் குடும்பத்தில் பிடித்த பொருளை யாரும் புகழ மாட்டோம். புகழ்ந்தால் விலை ஏறிவிடும் என்பது துணி வியாபாரிகளின் ரத்தத்தில் ஊறிய பயம். அருமையான துணியைக் கையில் வாங்கினால், "என்ன இது, கொசுவலையா?" என்று கேட்போம். சாயம் கண்ணைப் பறித்தால், "வெளுத்த மாதிரி இருக்கே, வெயில்ல காயப் போட்டிருந்தீங்களா?" என்போம். பிடிக்காத துணி என்றால்தான் முகம் மலரும். "ரொம்ப நல்லா இருக்குங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரோம்" என்று நாங்கள் படியிறங்கினால், அந்தக் கடைக்காரர் எங்களை மறந்துவிடலாம்.

இந்த வழக்கம் கடையோடு நின்றிருந்தால் தொல்லையில்லை. என் மனைவியின் வீட்டுக்கு முதல் தடவை போனபோது அவளைப் பார்த்து நான் சொன்ன ஒரே வார்த்தை, "கொஞ்சம் உயரம் அதிகமோ?" என்பதுதான். அவளுடைய அப்பா நூல் வியாபாரி. உடனே உள்ளே திரும்பி, "மாப்பிள்ளைக்குப் பிடிச்சுப் போச்சு" என்று குரல் கொடுத்துவிட்டார்.

எங்கள் கடையில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு, சோபாத் துணி எல்லாம் மொத்த வியாபாரம். இப்போது அந்தக் கடைக்கு வாயும் கையும் எங்கள் மகள்தான். மில்காரர்கள் என்னிடம் பேசுவதென்றால் உற்சாகமாக வருவார்கள். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தண்ணீர் கேட்பார்கள். மலைமேல் இருக்கும் ஒரு சின்ன சொகுசு ஹோட்டலுக்குத் திரைச்சீலை தைக்க ஆர்டர் வந்தது. ஜன்னல்களை அளக்கப் போனாள். மறுபடியும் போய் அளந்தாள். திரைச்சீலை தொங்கவிட்ட பிறகும் ஒரு நடை போய் அளந்துவிட்டு வந்தாள். ஜன்னல் வளர்கிற பொருள் இல்லையே என்று எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

"அங்க சமையல் பண்றவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரு காலையில் கடை திறக்கும் நேரத்தில் சொன்னாள். பிடிச்சிருக்கு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லாததால் எனக்கு விளங்கவே கொஞ்ச நேரமாயிற்று. சமையல் மட்டுமில்லை, அந்த ஹோட்டலே அவனுக்கும் அவனுடைய அம்மாவுக்கும் சொந்தமாம். "நீங்க வேண்டாம்னா நான் ஓடிப்போக மாட்டேன். ஆனா வேற யாரையும் பாக்கவும் மாட்டேன். வந்து ரெண்டு நாள் தங்குங்க, அப்புறம் சொல்லுங்க." பேரத்துக்கு ஒரு இண்டு இடுக்கு விடாமல் பேசிவிட்டு ஷட்டரைத் தூக்கினாள். என் வளர்ப்பு, யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

மலைப்பாதையில் வண்டி ஏறும்போது அடுத்த நிபந்தனை வந்தது.

"அப்பா, அங்க வந்து கடைப் பேச்சு பேசக் கூடாது. எதைக் காட்டினாலும் நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. நீங்க பாட்டுக்கு மெத்தையைத் தட்டிப் பாத்து 'வைக்கோலா?'ன்னு கேட்டா அவங்க அம்மாவுக்கு உசிரே போயிரும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பிடிச்சதைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா பொய்யா?"

"பழக்கமில்லம்மா."

பின் சீட்டிலிருந்து என் மனைவி, "உங்கப்பாவுக்குக் காய்ச்சல் வந்துரும்டி. பரவாயில்ல, மாத்திரை வச்சிருக்கேன்" என்றாள்.

ஹோட்டல் ஒரு வளைவுக்குப் பின்னால் திடீரென்று எதிரே வந்து நின்றது. சாம்பல் நிறக் கல் கட்டடம், பத்து அறை கூடத் தேறாது. கூடத்தில் கணப்பு எரிந்தது. ஈரமே இல்லாத விறகு, அதனால் புகையில்லை. நாற்காலிக் கைகளில் தேய்மானம் இருந்ததே தவிர அழுக்கு இல்லை. பணம் வைத்திருப்பவன் கட்டுகிற ஹோட்டல் எனக்குத் தெரியும். எங்கே பார்த்தாலும் மின்னும். இது விஷயம் தெரிந்தவர்கள் கட்டியது. விரிப்பின் ஓரத்தை என் விரல்கள் தாமாகவே திருப்பிப் பார்த்தன. மடிப்பைக் கையால் தைத்திருந்தார்கள். எனக்குத் தொண்டை வரைக்கும் குறை வந்தது. அப்படியென்றால் எவ்வளவு பிடித்திருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். மகள் கண்ணாலேயே நன்றி சொன்னாள்.

எங்களை வரவேற்றவர் அந்தப் பையனின் அம்மா. நிமிர்ந்த முதுகு, நரைத்த தலை, கழுத்தில் சங்கிலி கட்டித் தொங்கவிட்ட மூக்குக்கண்ணாடி. அவர் பின்னால் பையன் வந்தான். நெடுநெடுவென்று உயரம், முழங்கையில் மாவு. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டே, "வேற என்ன வேணும் சார்?" என்று கேட்டான்.

"தலையணை இன்னும் ஒண்ணு."

"ஆகட்டும் சார்."

"எனக்குக் கொஞ்சம் தட்டையா இருக்கணும்."

"ஆகட்டும் சார்."

"தட்டையாவும் இருக்கணும், உயரமாவும் இருக்கணும்."

"ஆகட்டும் சார்" என்று சிரித்த முகம் மாறாமல் போனான். என் மனைவி அந்தக் கணமே அவனுக்கு 'ஆகட்டும்' என்று பெயர் வைத்துவிட்டாள். உண்மையிலேயே அப்படி ஒரு தலையணையைக் கொண்டுவந்து கொடுத்தான். எப்படி என்று கேட்காதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஹோட்டலம்மா எங்களை ஹோட்டல் முழுக்கச் சுற்றிக் காட்டினார். நான் புகழ்ந்தேன். குளியலறையைப் புகழ்ந்தேன். துவாலையின் கனத்தைப் புகழ்ந்தேன். கம்பளிப் போர்வை, பித்தளைக் கைப்பிடி, மாடத்திலிருந்து தெரிகிற பள்ளத்தாக்கு, அதில் மிதக்கிற மேகம், எதையும் விட்டுவைக்கவில்லை. ஆரம்பத்தில் நாக்கு கூசியது. அப்புறம் ஒரு வேகம் வந்துவிட்டது. சரிவில் மேய்கிற மாட்டைக்கூடப் புகழ்ந்தேன். ஆனால் நான் புகழப் புகழ ஹோட்டலம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி அறையில் அவர், "சரிங்க சார்... நீங்க ஓய்வெடுங்க" என்று சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனபோது, துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறவர் மாதிரி இருந்தது.

அறைக் கதவைச் சாத்தியதும் என் மனைவி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உண்மையைச் சொல்லுங்க. பிடிக்கலையா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். வந்ததுலேருந்து நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ஒரே பாட்டு."

"உன் பொண்ணுதானே சொல்லச் சொன்னா?"

"சொன்னா. ஆனா நீங்க எப்ப அவ பேச்சைக் கேட்டிருக்கீங்க?"

மகள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அப்பா, என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? உங்கப்பாவுக்கு எதுவுமே மனசுக்கு ஒட்டலையான்னு அவங்க அம்மா கேக்கறாங்க."

"எல்லாத்தையும் புகழ்ந்துட்டேனே!"

"அதனாலதான்! எல்லாம் அருமைன்னு சொல்லிட்டுப் போற விருந்தாளி ஒருத்தர்கூடத் திரும்பி வந்ததில்லையாம். கட்டில் கிறீச்சுங்குது, காத்து வருதுன்னு சண்டை போடறவங்கதான் வருஷா வருஷம் அதே ரூமைக் கேட்டு வருவாங்களாம்."

"அட!" என்று எழுந்து நின்றுவிட்டேன். "அந்தம்மா நம்மாளுடி!"

"நம்மாளு இப்ப உள்ள அழுதுட்டு இருக்காங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன், விடுங்க. இப்ப நேராவே கேக்கறேன். உங்க பதில் என்ன?"

என்னிடம் பதில் இருந்தது. அதில் பாதிதான் நல்ல பதில். இடம் பிடித்திருந்தது. அந்த அம்மா பிடித்திருந்தார். பையன் விஷயம்தான் இடித்தது. அதை அவளிடம் மறைக்கவில்லை.

"பேரத்துல எதிராளி முதல் விலைக்கே தலையாட்டினா நமக்குப் பயம் வரும் இல்லையா? ஒண்ணு சரக்குல ஓட்டை, இல்லன்னா ஆள்ல ஓட்டை. இந்தப் பையன் எதைக் கேட்டாலும் ஆகட்டும்ங்கிறான். நாளைக்கு எவனோ வந்து வீட்டை எழுதிக் குடுன்னாலும் ஆகட்டும்ங்கிறவன்கிட்ட உன்னை எப்படி விடறது?"

"அது அவர் தொழில்பா. விருந்தாளி கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

"அப்ப விருந்தாளியா வந்திருக்கிற எனக்கு அவன் யாருன்னு எப்படித் தெரியும்?"

மகள் என்னை நேராகப் பார்த்தாள். மில்காரர்களைப் பார்க்கிற அதே பார்வை.

"சரி. அவர் வாயிலேருந்து முடியாதுன்னு ஒரு வார்த்தை வாங்கிப் பாருங்க. வாங்கிட்டா நீங்க சம்மதம் சொல்லணும். வாங்க முடியலன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"இது என்னடி பந்தயம்?" என்று என் மனைவி பதறினாள்.

"உங்க வீட்டுக்காரர் வேற எதுக்கும் மசிய மாட்டாரும்மா" என்றாள் மகள். நான் சரி என்று கையை நீட்டினேன்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ஹோட்டலம்மா எனக்கு எதிரே, கண்கள் லேசாக வீங்கியிருந்தன. ஆகட்டும் பரிமாறினான். நான் வேலையை ஆரம்பித்தேன்.

மேஜை கணப்புக்குப் பக்கம் இருந்தது. ஜன்னல் ஓரமாகப் போடச் சொன்னேன். ஆகட்டும் சார். போட்டதும், குளிர்கிறது, திரும்பக் கணப்புக்கே போடலாம் என்றேன். ஆகட்டும் சார். சூப்பில் மிளகு அதிகம் என்றேன். வேறு கிண்ணம் வந்தது. மிளகு இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்றேன். பழைய கிண்ணமே சூடாகத் திரும்பி வந்தது. ரொட்டியின் ஓரத்தை வெட்டித் தரச் சொன்னேன். ஓரம் மட்டும் தனியாக வேண்டும் என்றேன். மேஜைக்குக் கீழே என் மனைவியின் கால் என் முட்டியைப் பதம் பார்த்தது. பையனின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழ வேண்டுமே! இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

மகள் தட்டைத் தொடவில்லை. தோற்றுக்கொண்டிருப்பது நான் என்று பெயர், இழக்கப்போவது அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த வார்த்தை வந்தது.

"தம்பி, ஒண்ணு சொல்றேன். கல்யாணம் ஆனதும் ரெண்டு பேரும் கீழ வந்துருங்க. எங்க கடைக்குப் பக்கத்துலயே இடம் காலியா இருக்கு. அங்க நீங்க சமையல் பண்ணுங்க. இதை யாராவது பாத்துக்கட்டும்."

சோதனைக்காகத்தான் ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் அது சோதனையாக இல்லாமல் போய்விட்டது. இந்த ஆசை எத்தனை நாளாக உள்ளே உட்கார்ந்திருந்ததோ. கடையில் என் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலி காலியாவதை நினைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

ஆகட்டும் கையிலிருந்த சூப்புச் சட்டியை மேஜைமேல் வைத்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான்.

"முடியாது சார்."

குரல் கொஞ்சமும் ஏறவில்லை. தலையணை கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"அப்பா தவறினப்ப இதை வித்துட்டுக் கீழ போயிரலாம்னு அம்மா சொன்னாங்க. அவங்ககிட்டயும் முடியாதுன்னேன். அப்ப இங்க சமையலறைன்னு ஒண்ணே கிடையாது சார். நான் கட்டினேன். உங்க பொண்ணுக்கு இங்க வர இஷ்டமில்லன்னா, எத்தனை நாளானாலும் கேட்டுக்கிட்டே இருப்பேன். ஆனா இதை விட்டுட்டு வர முடியாது. மன்னிச்சிருங்க." பிறகு, "சூப்பு ஆறுது" என்றான்.

ஹோட்டலம்மா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருப்பார். நான் கேட்ட 'முடியாது' கிடைத்துவிட்டது. அதற்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது கடையில் இருக்கும் பக்கத்து நாற்காலியை. மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஜெயித்த களை இல்லை. எனக்கு எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் குறைவாகவே வலித்தது.

வாக்குக் கொடுத்த வியாபாரி பின்வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியாது. கரண்டியை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"உப்பு கம்மி" என்றேன்.

என் மனைவியின் கையிலிருந்து கரண்டி தட்டில் விழுந்தது. மகள், "அப்பா!" என்றாள். அந்தக் குரலில் அவள் கடைசியாகக் கூப்பிட்டது சின்னப் பெண்ணாக இருந்தபோது.

பையன் பாவம், "ஆகட்டும் சார், நான் வேற..." என்று சட்டியை எடுக்கப் போனான்.

"நீ சும்மா இரு. உப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள் மகள். "வாயை மூடிட்டுக் கேட்டுக்கோ. இவ்வளவு நல்ல வார்த்தை உனக்கு இனிமே கிடைக்காது."

நான் மடையைத் திறந்துவிட்டேன். மெத்தையில் குழி விழுகிறது. மாடிப்படியில் ஒரு பலகை கிழவன் மாதிரி முனகுகிறது. துவாலை இவ்வளவு கனமாக இருந்தால் எவன் பிழிவான்? பள்ளத்தாக்கைப் பார்க்கலாம் என்று போனால் மேகம் குறுக்கே வந்து நிற்கிறது, முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? ஹோட்டலம்மா கழுத்துக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். அவர் கன்னத்தில் ரத்தம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"குளியலறைக் கண்ணாடில முகம் பெருசா தெரியுது" என்றேன்.

"இருக்கிற முகத்தைத்தானே அது காட்டும் சார்? கண்ணாடி என்ன பண்ணும்?" என்றார் ஹோட்டலம்மா.

என் மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது. ஹோட்டலம்மாவே எழுந்து வந்து தலையில் தட்டினார். தட்டின கையை என் மனைவி பிடித்துக்கொண்டு, "உங்களுக்குக் கை கொஞ்சம் முரடு சம்பந்தி" என்றாள்.

சூடு ஆறுவதற்குள் அடுத்த பேரத்தை ஆரம்பித்தேன். "வருஷத்துல பாதி எனக்குக் கடைக்கு வேணும்."

"பாதியா? சீசன்ல ஒரு ஆள் குறைஞ்சாலே எனக்கு மூச்சு முட்டும். மாசத்துக்கு ரெண்டு நாள் அனுப்பறேன்" என்றார் ஹோட்டலம்மா.

"ரெண்டு நாளா? மில்காரன் தும்மி முடிக்கறதுக்கே ரெண்டு நாளாகும்!"

"சரி, போனா போகுது, நாலு..."

மகள் உள்ளங்கையால் மேஜையை அறைந்தாள். "ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்தறீங்களா? நான் என்ன உருளையில சுத்தின துணியா, மீட்டர் கணக்குல கிழிச்சுக்கறதுக்கு?"

இருவரும் நாற்காலியில் பின்னால் சாய்ந்தோம்.

"சீசன் முழுக்க இங்க. மழை மாசங்கள்ல ஹோட்டலை மூடிடறாங்க, அப்ப நான் கடையில. மத்த நேரத்துல சாம்பிளை எல்லாம் இங்க அனுப்புங்க. மில்காரங்களையும் இங்கயே வரச் சொல்லிருங்க. இந்த உயரத்துக்கு ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கிட்டே என்கிட்ட பேரம் பேசட்டும். நமக்குத்தான் லாபம்."

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் வருத்தம் உண்டு. "மோசமான ஏற்பாடு" என்று மனமாரச் சொன்னேன்.

ஹோட்டலம்மா, "ரொம்ப மோசம்" என்று ஒத்துக்கொண்டார்.

பையன் மட்டும் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். "மழை மாசத்துல நானும் கூட வரேன் சார்" என்றான். "ஆனா கடையில உக்கார மாட்டேன்."

"கல்லாப் பக்கம் சும்மா ஒரு நாற்காலியில..."

"முடியாது சார்."

"பாத்தியா? ருசி கண்டுட்டான்" என்றேன் மனைவியிடம்.

மறுநாள் காலையில் சாப்பாட்டு அறை வெளிச்சத்தில் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. மேகம் விலகிப் பள்ளத்தாக்கு அடி வரைக்கும் தெரிந்தது. குறை சொல்லக் கஷ்டப்பட்டேன். எங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையன் அவர்கள் மேஜைக்கும் சமையலறைக்குமாக, "ஆகட்டும் மேடம், இதோ வந்துருச்சு" என்று ஓடிக்கொண்டிருந்தான். ஒரு பூக்குவளையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள், நகர்த்தினான். திரும்ப நகர்த்தச் சொன்னார்கள், திரும்ப நகர்த்தினான். அவர்கள் எழுந்து போனதும் இடுப்புத் துண்டை அவிழ்த்து நாற்காலிமேல் போட்டுவிட்டு, தட்டோடு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

என் கோப்பை காலியாக இருந்தது. பழக்கதோஷத்தில் அதை அவன் பக்கம் நகர்த்தி, "இன்னொரு டீ" என்றேன்.

அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கெட்டில் அங்க இருக்கு, போய் ஊத்திக்குங்க மாமா. நான் இப்பத்தான் உக்காந்தேன்."

எழுந்தேன். இரண்டடி வைத்திருப்பேன்.

"வரும்போது எனக்கும் ஒண்ணு" என்றான் மருமகன். "சர்க்கரை வேண்டாம்."